ஜாம் கள்ளாகிப் போன கதை



போன கிழமை சல்லியிலிருந்து ஒரு தாய் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். ஏதோ ஒரு வெளிநாட்டுக் குசினி. ஒருவர் ஸ்ட்ரோபரிப் பழத்தை முள்ளுக்கரண்டியால் நசுக்குகிறார், சீனி கொட்டுகிறார், தேசிக்காய் பிழிகிறார், கிண்டிப் போத்தலில் ஊற்றி மூடுகிறார். அடுப்பே இல்லை. மூன்று நிமிடத்தில் ஜாம். வீடியோவுக்குக் கீழே அவருடைய குரல்:

"ரீச்சர்மார், எங்கட மாம்பழத்தில இப்பிடிச் செய்து போத்தல் போட்டு நிலாவெளி ஹோட்டல்களுக்குக் குடுத்தா என்ன? கேஸ் செலவும் இல்ல."

பஸ்ஸில் வைத்து இரண்டு தரம் கேட்டோம். "வேண்டாம்" என்று ஒரு சொல்லில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் இந்தத் தாயின் மகள் 2022இல் எங்கள் தரம் 9 வகுப்பில் இருந்தவள். அந்த வகுப்பில் நாங்கள் இதே வேலையைச் செய்துவிட்டுத் தலை குனிந்து நின்றோம். ஆகவே ஒரு சொல் போதாது. முழுக் கதையையும் சொல்லியே பதில் தர வேண்டும்.

நாங்கள் என்றால் இரண்டு பேர். ஒருவருக்கு விஞ்ஞானம், மற்றவருக்கு மனைப்பொருளியல். இரண்டு பேருமே திருகோணமலை டவுனிலிருந்து உப்புவெளி, ஆலஸ்தோட்டம் தாண்டி, சாம்பல்தீவுப் பக்கம் ஒரே பஸ்ஸில் போய் வந்தவர்கள். சல்லி தமிழ் மீனவக் கிராமம். ஆசிரியர் அறையில் பர்தா போட்ட இரண்டு பேர் நாங்கள். இந்தப் பதிவு ஒருவருடைய பக்கத்தில் வருகிறதே தவிர, நடந்தது இருவராலும்தான். எது யாருடைய யோசனை என்று இன்றுவரை நாங்கள் பிரித்துப் பார்க்கவில்லை. தனியாக ஏற்றுக்கொள்ள இரண்டு பேரில் ஒருவரும் தயாரில்லை என்பதும் ஒரு காரணம்.

2022 மார்ச் கடைசிக் கிழமை. அந்த நாட்களை யாருக்கும் நினைவுபடுத்தத் தேவையில்லை. மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கறண்ட் வெட்டு. கேஸ் வரிசையில் வெற்றுச் சிலிண்டர்களைக் கயிற்றால் கட்டி வைத்துவிட்டு ஆட்கள் நிழல் தேடிப் போய் இருந்த காலம். எங்கள் மனைப்பொருளியல் அறையில் இருந்த ஒற்றை அடுப்பின் சிலிண்டரும் வெறுமைதான். பாடத்திட்டத்தில் அந்தக் கிழமை 'உணவு நற்காப்பு'. பலகையில் எழுதிப் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கலாம். பிள்ளைகள் காலையில் வெறும் பாணையும், கிடைத்த அன்று சம்பலையும் கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். கடையில் ஜாம் போத்தலின் விலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த தாய்மார் பலர். அப்போதுதான் இதே மாதிரி ஒரு வீடியோ எங்கள் கண்ணில் பட்டது. அடுப்பில்லாத ஜாம்! அல்லாஹ்வே கதவைத் திறந்துவிட்டான் என்று நினைத்தோம்.

அந்த வீடியோவின் கடைசிப் பத்து விநாடியை நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை. அதில் அந்தப் பெண் போத்தல்களைக் கொண்டுபோய் உறைபெட்டியில் வைக்கிறார்.

பள்ளிக்கூட வளவிலேயே பப்பாசி பழுத்திருந்தது. பிள்ளைகளை நான்கு குழுவாகப் பிரித்து, குழுவுக்குக் கால் கிலோ சீனி கொண்டுவரச் சொன்னோம். அந்த மாதத்தில் கால் கிலோ சீனி என்றால் சில வீடுகளில் ஒரு கிழமைத் தேயிலைக்குப் போடுவது. அது எங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டோம். திரும்ப ஜாமாகப் போகிறதே என்ற தைரியம்.

இரண்டு கிலோ பப்பாசிக்கு ஒரு கிலோ சீனி, இரண்டு தேசிக்காய். நசுக்கியது தண்ணீராக ஓடியது. அதற்கும் எங்களிடம் மருந்து இருந்தது: நோன்புக்கு சர்பத்தில் போட வாங்கி வைத்திருந்த கசகசா. ஒரு பிடி போட்டதும் அந்த விதைகள் தண்ணீரைக் குடித்து, வழுவழுவென்று ஊதி, கால் மணித்தியாலத்தில் எல்லாம் சேர்ந்து கட்டியாக நின்றது. கரண்டியைச் சரித்தால் மெதுவாக விழுகிறது. நிறம் பழத்தின் நிறம், மணம் பழத்தின் மணம். காய்ச்சிய ஜாமில் இந்த மணம் வராது, அதை மட்டும் இன்றைக்கும் ஒத்துக்கொள்வோம். பிள்ளைகள் கை தட்டினார்கள். அன்று எல்லோருக்கும் பாணில் பூசிக் கொடுத்தோம். மிச்சத்தைக் கழுவிய போத்தல் நான்கில் போட்டு, குழுவுக்கு ஒன்று வீட்டுக்கு அனுப்பினோம். "ஒரு மாதம் இருக்கும்" என்று யாரோ சொன்னோம். யார் என்று கேட்காதீர்கள்.

மூன்றாம் நாள் காலை ஒரு பையன் போத்தலைக் கையில் பிடித்தபடி வகுப்புக்குள் வந்தான். மூடி மேலே வீங்கியிருந்தது. மேசையில் வைத்துத் திறந்தான். 'டப்' என்று ஒரு சத்தம், நுரை வழிந்தது, அறை முழுக்கப் புளித்த வாசம். கடலுக்குப் போய் வரும் ஊரில் அந்த வாசம் என்னவென்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

"ரீச்சர், ஜாம் கள்ளாப் போச்சு!"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டு முஸ்லிம் ரீச்சர்மார் சேர்ந்து சல்லியில் கள்ளுப் போட்டிருக்கிறார்கள். நாங்களும் சிரித்தோம். சிரிப்பு அடங்கும்போது அவன் சொன்னான், "தங்கச்சி நேத்து ரெண்டு கரண்டி திண்டவள். ராவு முழுக்க வயித்தால போனது."

அதற்குப் பிறகு நாங்கள் சிரிக்கவில்லை.

பிள்ளைக்கு இரண்டு வயதுக்குக் கொஞ்சம் மேல். பெற்றோல் இல்லை, ஆட்டோ இல்லை. வீட்டில் இருந்த ஜீவனியைக் கரைத்துக் கரைத்துக் கொடுத்து, விடியும் நேரத்தில் நின்றிருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், அதோடு போனது. அதோடு போகாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்பது இன்னும் சில இரவுகளில் வருகிற கேள்வி. வயிறு ஜாமால்தான் போனதா, வேறு எதனாலுமா என்று யாரும் பரிசோதித்துப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பரிசோதனை தேவைப்படவும் இல்லை. மற்ற மூன்று வீட்டுக்கும் அன்றே பிள்ளைகளை ஓடவிட்டு, போத்தல்களைக் கொட்டச் சொன்னோம். ஒரு கிலோ சீனி மண்ணுக்குள் போனது.

எங்கே பிழைத்தோம்? அன்று இரவு மெழுகுதிரி வெளிச்சத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அந்தத் தாய்க்கும் இந்தக் கணக்கு வேண்டும், அதனால் எழுதுகிறோம்.

ஜாமைக் கெடாமல் வைத்திருப்பது நெருப்பு என்று நாங்கள் நினைத்திருந்தோம். நெருப்புப் பாதி வேலைதான் செய்கிறது: பழத்தில் இருக்கும் மதுவத்தையும் பங்கசையும் கொல்கிறது, நொதியங்களை அடக்குகிறது, தண்ணீரை ஆவியாக்குகிறது. மூடி வைத்த பிறகு காவல் இருப்பது சீனி. நூறு கிராம் ஜாமில் சுமார் 65 கிராம் சீனியும் மற்றக் கரைந்த பொருட்களுமாக இருந்தால், அதிலிருக்கும் தண்ணீர் சீனியின் பிடியில் போய்விடும். பெரும்பாலான நுண்ணங்கிகளுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது. எங்கள் ஜாமைப் பாருங்கள். பப்பாசியில் நூற்றுக்கு 88 தண்ணீர். இரண்டு கிலோ பழத்தில் பொருள் என்று இருப்பது 240 கிராம். அதோடு சீனி 1,000 கிராம். மூன்று கிலோவில் 1,240. நூற்றுக்கு 41தான்! அதோடு பப்பாசியில் புளிப்பும் குறைவு, இரண்டு தேசிக்காய் எந்த மூலைக்கு? மதுவத்துக்கு இதைவிட நல்ல சாப்பாடு கிடைக்காது. நாங்கள் செய்தது ஜாம் இல்லை, மதுவத்துக்கு வைத்த விருந்து.

கசகசாதான் எங்களை ஏமாற்றியது. கட்டியாக நின்றதால் ஜாம் ஆகிவிட்டது என்று நம்பினோம். கட்டியாவது வேறு, கெடாமல் இருப்பது வேறு. விதை தண்ணீரைத் தூக்கிப் பிடித்துக் காட்டுமே தவிர, மதுவத்திடமிருந்து பூட்டி வைக்காது. இப்போது சியா விதையில் செய்கிறார்களே, அதுவும் இதே கதைதான். குளிரில் வைத்து நாலைந்து நாளில் தின்று முடிக்க வேண்டிய சாமான். வீடியோக்காரப் பெண்ணுக்கும் சீனி காவல் இல்லை, உறைபெட்டிதான் காவல். சாதாரணக் குளிர்ப்பெட்டியில் மூன்று கிழமை, உறைபெட்டியில் ஒரு வருடம். எங்களுக்கு அந்த மாதக் கடைசியில் நாளில் பாதிக்கு மேல்கூடக் கறண்ட் இல்லாமல் போனது.

நொதித்ததைத் தொடுவதும் எங்களுக்கு ஆகாது. இதில் வெட்கப்பட ஒன்று இருந்தது. ஈத்தம்பழத்தைத் தண்ணீரில் ஊறவைத்த நபீதை, நபியவர்கள் மூன்றாம் நாளைத் தாண்டி வைத்துக் குடித்ததில்லை என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. சின்ன வயதில் மத்ரஸாவில் படித்ததுதான். பழமும் தண்ணீரும் சேர்ந்தால் எத்தனை நாள் என்று அப்போதே சொல்லித் தந்திருக்கிறார்கள். விஞ்ஞானப் புத்தகத்திலும் நொதித்தல் பாடம் இருக்கிறது. இரண்டையும் படித்துவிட்டு "ஒரு மாதம் இருக்கும்" என்று சொன்னோம்.

அந்த சனி ஞாயிறு நாடு முழுக்க ஊரடங்கு. ஞாயிறு முதல் நோன்பு. செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் போனால், படலையில் அந்தப் பையனின் அம்மம்மா நிற்கிறார். ஏசத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தோம். ஏசினால் நின்று கேட்பது என்று பார்வையாலேயே பேசிக்கொண்டோம். இரண்டு பேரும் எங்கள் பங்குக்கு அரைக் கிலோ சீனி பையில் கொண்டு போயிருந்தோம். அவர் கையை நீட்டவில்லை.

"சீனிய விடுங்க ரீச்சர். எவ்வளவு பழத்துக்கு எவ்வளவு போட்டனீங்க?"

சொன்னோம்.

"பப்பாசிக்கா? தண்ணிப் பழமெல்லோ அது." பிறகு கொஞ்சம் பொறுத்து, "கையக் கழுவிப்போட்டு ஈரத்தோடயா பிசைஞ்சனீங்க?"

ஆமாம். சுத்தமாக இருக்க வேண்டும் என்று பிள்ளைகளைக் கை கழுவ வைத்து, சொட்டச் சொட்டத்தான் பிசைந்தோம். போத்தலையும் கழுவி, காயாமலே நிரப்பினோம். அவர் தலையை ஆட்டினார். கோயிலுக்குப் பஞ்சாமிர்தம் பிசைகிற கை அது. அந்தக் கிழமையும் பிசைய இருந்தது. "பிள்ளையள் பாக்கட்டும்" என்று சொல்லி, அதிபரிடம் கேட்டு, சாமான்களை எங்கள் அறைக்கே கொண்டு வந்துவிட்டார்.

பஞ்சாமிர்தம் நாங்கள் அதுவரை பெயரளவில் கேட்டது. பிறகுதான் தேடிப் படித்தோம். தமிழ்நாட்டில் பழனிக் கோயில் பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். அங்கே விருப்பாச்சி மலைவாழைப்பழம் சேர்ப்பது பெயர்போனது. தண்ணீர் குறைந்த பழம் அது. அதோடு சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய், ஈத்தம்பழம், கற்கண்டு. ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. அடுப்பில்லாத ஜாம் என்று நாங்கள் கனடாவிலும் அமெரிக்காவிலும் தேடிக்கொண்டிருந்தது, பள்ளிக்கூட மதிலுக்கு அந்தப் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பிசைந்துகொண்டிருக்கிற சாமான்.

அம்மம்மா செய்ததைப் பார்த்தபடியே எழுதுகிறோம். பாத்திரத்தைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தார், சூடு ஏறும் வரை. தோல் கறுக்கத் தொடங்கிய கதலிப் பழம். தோலை உரித்து, கூடக் கனிந்த இடத்தைக் கிள்ளி எறிந்தார். பழத்துக்குச் சரிக்குச் சரி சர்க்கரை, தூளாக்கியது. கையைக் கழுவி, துணியில் துடைத்து, பிறகும் வெயிலில் நீட்டிக் கொஞ்ச நேரம் நின்றார். பிள்ளைகளும் வரிசையாகக் கையை நீட்டிக்கொண்டு வெயிலில் நின்றார்கள், அதைப் படம் எடுக்காமல் விட்டுவிட்டோம். பிசையப் பிசைய முதலில் இளகியது, பிறகு சர்க்கரை கரைந்து பளபளவென்று இறுகியது. தேன், ஏலக்காய், உடைத்த கற்கண்டு. நெய் அந்த வருடம் இரண்டு கரண்டிதான் கிடைத்தது. "ஈத்தம்பழம் போடவேணும், இந்த முறை எங்க போறது," என்றார்.

பலகையில் கணக்கைப் போட்டோம். வாழைப்பழத்தில் நூற்றுக்கு 75 தண்ணீர், பொருள் 25. நூறு கிராம் பழம், நூறு கிராம் சர்க்கரை: இருநூறில் 125. நூற்றுக்கு 62க்கு மேல். அதற்கு மேல் தேனும் கற்கண்டும். 65ஐத் தாண்டிவிட்டது. அம்மம்மா பலகையைப் பார்த்துவிட்டு, "அதத்தான் நான் கையால பாத்தனான்," என்றார். எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டோம். காய்ந்த கரண்டி போட்டால் இரண்டு கிழமை, ஈரக் கரண்டி போட்டால் அவருக்குத் தெரியாது. ஒரு மாதம் என்று அவர் சொல்லவில்லை. (ஒன்று நாங்கள் சேர்க்க வேண்டும்: தேன் சேர்ந்ததை ஒரு வயதாகாத குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. நாக்கில் தடவுவதும் கூடாது.)

போகும்போது ஒரு சின்னப் போத்தலை எங்களிடம் நீட்டினார். வாங்கக் கை போகவில்லை. சொல்லவும் வாய் வரவில்லை. அவரே சொன்னார்.

"படைக்கல்ல ரீச்சர். கோயிலுக்குக் கொண்டுபோக முதல் உங்களுக்கெண்டு தனிய எடுத்து வச்சது. நோன்பு துறக்கேக்க சாப்பிடுங்க."

நாங்கள் கேட்கவே இல்லை. எங்களுக்கு எது ஆகும், எது ஆகாது என்று அவர் முன்கூட்டியே யோசித்து, பிசையும்போதே ஒதுக்கி வைத்திருக்கிறார். அதுவும் யாருக்கு? தன் பேத்தியின் வயிற்றைக் கெடுத்தவர்களுக்கு. பஸ்ஸில் அன்று நாங்கள் அதிகம் பேசவில்லை. மஃரிபுக்குக் கறண்ட் இருக்கவில்லை. ஆளுக்குப் பாதியாகப் பிரித்து எடுத்துப் போனதை, இரண்டு வீட்டிலும் பாணில் பூசிச் சாப்பிட்டோம்.

வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எங்கள் உம்மாமாருக்கு இல்லை. பள்ளிவாசலில் பங்கு கிடைத்த ஈத்தம்பழம் வீட்டில் இருந்தது. ஈத்தம்பழத்தின் கணக்குத் தெரியுமா? காய்ந்த பழத்தில் நூற்றுக்கு 20 அளவுதான் தண்ணீர். மிச்சம் 80இல் பெரும்பகுதி சீனி. மரத்திலேயே ஜாமாகிவிட்ட பழம் அது. கொட்டையை எடுத்து, தண்ணீர் தொடாமல் அம்மியில் அரைத்தால் போதும். அடுப்பும் வேண்டாம், சீனியும் வேண்டாம். அந்தப் போத்தலை அப்படி நிரப்பி, விடுமுறை முடிந்து ஏப்ரல் 18க்குப் பிறகு பள்ளிக்கூடம் திறந்ததும் பையனிடம் கொடுத்துவிட்டோம். அடுத்த முறை பஞ்சாமிர்தத்தில் அது சேர்ந்தது என்று அவன் வந்து சொன்னான்.

அதே தவணையில் இன்னொரு தரம் துணிந்தோம், இந்த முறை விளாம்பழம். இங்கே எந்த வளவிலும் கேட்டால் கிடைக்கும். கீழே போட்டால் துள்ளாமல் 'தொப்' என்று விழும் பழமாகப் பாருங்கள், அதுதான் பழுத்தது. உடைத்து, சதையைக் கரண்டியால் வழித்து, அரிதட்டில் தேய்த்துக் கொட்டையும் நாரும் நீக்கி, சரிக்குச் சரி சீனி அல்லது தூளாக்கிய சர்க்கரை. தண்ணீர் குறைந்த பழம், நல்ல புளிப்பு, பெக்டினும் நிறைய. கசகசா ஒன்றும் தேவையில்லை, தானாகவே நிற்கும். அதையும் நாங்கள் போத்தலில் அடைத்து அனுப்பவில்லை. அன்றே செய்து அன்றே பாணில் பூசித் தின்றோம். மீதியிருந்ததை மறுநாள் இடைவேளையில் முடித்தோம். பிள்ளைகளுக்கு வாயெல்லாம் மண்ணிறம்.

இனி அந்தத் தாய்க்கு.

தங்கச்சி, மாம்பழத்தில் நூற்றுக்கு 83 தண்ணீர். சரிக்குச் சரி சீனி போட்டாலும் 59ஐத் தாண்டாது. அடுப்பில்லாமல் போத்தலில் போட்டு வெயிலில் நிலாவெளி வரைக்கும் கொண்டு போனால், அங்கே ஒருவர் மூடியைத் திறக்கும்போது என்ன நடக்கும் என்று உங்கள் மகளிடமே கேளுங்கள். அவள் கை தட்டினவள், பிறகு மூக்கைப் பொத்தினவள். விற்பதற்கு என்றால் காய்ச்சுங்கள். கேஸ் செலவு ஆகத்தான் செய்யும், விறகில் செய்தாலும் சரி. நன்றாகக் கொதிக்கவிட்டு, கொதிநீரில் போட்டெடுத்து உலர்த்திய போத்தலில் சூட்டோடு ஊற்றி மூடுங்கள். தொடங்க முதல் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஒரு தரம் பேசுங்கள், பயப்பட ஒன்றுமில்லை. காய்ச்சாமல்தான் கொடுக்க வேண்டும் என்றால் போத்தலை மறந்துவிடுங்கள். காலையில் விளாம்பழம் தேய்த்து, அன்றைய காலைச் சாப்பாட்டுக்கு மட்டும் கிண்ணத்தில் கொடுங்கள், மிஞ்சினால் கொட்டச் சொல்லுங்கள். வெள்ளைக்காரர் காய்ச்சிய ஜாம் எங்கேயும் தின்னலாம், இது இங்கேதான் கிடைக்கும்.

இவ்வளவையும் முதலில் அவருக்குக் குரல் பதிவாக அனுப்பினோம், மூன்று துண்டாக. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது:

"அப்ப அம்மம்மாட பஞ்சாமிர்தத்தப் போத்தல்ல போட்டுக் குடுக்கலாமா ரீச்சர்?"

அதற்கு நாங்கள் பதில் சொல்ல முடியாது, அம்மம்மாவிடம்தான் கேட்க வேண்டும் என்று எழுதிப் போட்டோம். இரண்டு நீலக் கோடும் விழுந்துவிட்டன. பதில் இன்னும் வரவில்லை.